சிறுநீரக, புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வுகளின் வரலாறு

சிறுநீரகத்திலும் புராஸ்டேட் சுரப்பியிலும் தோன்றும் புற்றுநோய்களுக்கு எந்தச் சிகிச்சை, எவ்வளவு, எப்போது தரப்பட வேண்டும் என்பதை நோயாளிகளை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுக் கண்டறியும் மருத்துவ ஆய்வுகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்தன. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்வதால் இவை சமவாய்ப்பு ஆய்வுகள் எனப்படுகின்றன. அதற்கு முன்னர் சிகிச்சையின் அளவைத் தீர்மானித்தது அறுவை மருத்துவரின் அனுபவமும் திறமையுமே. எவ்வளவு அதிகமாக அகற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது பொது நம்பிக்கையாக இருந்தது. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததும், பல இடங்களில் அதைத் திருத்தியதும் இவ்வாய்வுகளின் முதன்மையான பங்களிப்பு எனலாம்.

அறுவைச் சிகிச்சையின் தொடக்கம்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் குஸ்டாவ் சைமன் என்னும் அறுவை மருத்துவர் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். அந்த நோயாளிக்குப் புற்றுநோய் இல்லை. சிறுநீர்க்குழாயில் ஏற்பட்டிருந்த புரைவழியே காரணம். ஒற்றைச் சிறுநீரகத்துடன் உயிர் வாழ இயலும் என்பதை நாய்களில் சோதித்து அறிந்த பின்னரே சைமன் இதைச் செய்தார். நோயாளி பிழைத்தார். மனிதருக்கு ஒரு சிறுநீரகம் போதும் என்ற அறிவு, சிறுநீரகப் புற்றுநோய்க்கு முழுச் சிறுநீரகத்தையும் அகற்றும் வழக்கத்திற்கு அடிப்படையாயிற்று.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்வழியைச் சுற்றி அமைந்துள்ள சுரப்பி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹியூ ஹாம்ப்டன் யங் புற்றுநோய்க்காக இச்சுரப்பியை முழுவதுமாக அகற்றினார். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ராப்சன் 1963, 1969 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சிறுநீரகப் புற்றுநோய்க்கான அறுவையின் எல்லையை வகுத்தன. சிறுநீரகம், அதைச் சூழ்ந்த கொழுப்பு, அதன் உறை, மேலேயுள்ள அட்ரினல் சுரப்பி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் ஆகிய அனைத்தையும் ஒன்றாக அகற்றுவதே ‘முழு அகற்றல்’ எனப்பட்டது.

இந்த அறுவைகளால் பலர் உயிர் பிழைத்தனர். ஆனால் குறைவாக அகற்றியிருந்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்ற கேள்விக்கு விடை இல்லை. ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு இல்லாததே காரணம்.

ஹார்மோன் சிகிச்சை

கனடாவில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்பவருடன் இணைந்து 1941இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். உடலில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களின் விரைகளை அகற்றினாலோ, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனைக் கொடுத்தாலோ நோய் தணிந்தது. ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் இப்புற்றுநோய் சுருங்கும் என்பதே இதன் பொருள். அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவை இரத்தத்தில் கணக்கிட்டு இந்த மாற்றத்தை அவர்கள் காட்டினர். எலும்பு வலியால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஹக்கின்சுக்கு 1966ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இதைத் தொடர்ந்து டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை புராஸ்டேட் புற்றுநோய் மருத்துவத்தில் பரவலாயிற்று. அறுவையின்றி மாத்திரையால் கிடைக்கும் நன்மை என்பதால் அதை ஐயுறுவோர் குறைவாகவே இருந்தனர்.

படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் பல மாநிலங்களில் உள்ளன. அவற்றின் சிறுநீரியல் மருத்துவர்கள் 1960இல் ஒன்றிணைந்து ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தனர். புராஸ்டேட் புற்றுநோயின் வெவ்வேறு நிலைகளில் இருந்தவர்களை விரை அகற்றல், நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜன், இரண்டும் சேர்த்து, வெற்று மாத்திரை எனப் பிரித்து ஒப்பிட்டனர்.

முடிவுகள் 1967இல் வெளியாயின. ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டவர்களில் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைந்திருந்தனர். ஆனால் மாரடைப்பு முதலிய இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் கூடியிருந்தனர். ஒரு பக்கம் கிடைத்த நன்மையை மறுபக்கம் ஏற்பட்ட தீமை விழுங்கியிருந்தது. முதியவர் ஒருவர் மாரடைப்பால் இறந்தால் அதற்கு மாத்திரை காரணம் என எந்தத் தனி மருத்துவருக்கும் தோன்றியிருக்காது. வெற்று மாத்திரை எடுத்துக்கொண்ட குழு அருகில் இருந்ததால்தான் அந்த வேறுபாடு கண்ணில் பட்டது.

இதே குழுவின் இரண்டாம் ஆய்வு 0.2, 1, 5 மில்லிகிராம் அளவுகளை ஒப்பிட்டது. 1 மில்லிகிராம் மாத்திரை 5 மில்லிகிராமுக்கு இணையாகப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தியது. இதய நோயால் ஏற்பட்ட இறப்புகளும் குறைவாக இருந்தன. இத்துறையில் குறைந்த அளவே போதும் என்பதை எண்களால் நிறுவிய முதல் ஆய்வுகளில் இதுவும் ஒன்று. பின்னர் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் கட்டளையைத் தடுக்கும் லூப்ரோலைடு போன்ற ஊசி மருந்துகள் 1980களில் வந்து ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்தன.

பிஎஸ்ஏ சோதனை

புராஸ்டேட் சுரப்பி வெளியிடும் பிஎஸ்ஏ என்னும் புரதத்தை அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நிறுவனத்தினர் 1979இல் பிரித்தெடுத்தனர். சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிக்க இதன் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 1986இல் ஒப்புதல் அளித்தது. நோயைக் கண்டறிய உதவும் சோதனையாக 1994இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, எந்தத் தொல்லையும் இல்லாத ஆண்களுக்கும் மருத்துவர்கள் இதைச் செய்யத் தொடங்கியிருந்தனர். அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்பட்ட புராஸ்டேட் புற்றுநோயின் வீதம் 1992இல் உச்சத்தை அடைந்தது.

இதே காலத்தில் அறுவையும் முன்னைவிடப் பாதுகாப்பானதாயிற்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ் 1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் டோங்கர் என்ற சிறுநீரியல் அறிஞரைச் சந்தித்தார். இறந்து பிறந்த ஆண் குழந்தையின் உடலைப் பகுத்தாய்ந்தபோது, ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் உறைக்கு வெளியே செல்வதை இருவரும் கண்டனர். அந்நரம்புகளை விட்டுவிட்டுச் சுரப்பியை மட்டும் அகற்றும் முறையை வால்ஷ் 1982 ஏப்ரலில் மேற்கொண்டார்.

சோதனை எளிதாயிற்று, அறுவையும் ஏற்கத்தக்கதாயிற்று. விளைவாக, அறுவை செய்துகொண்ட ஆண்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாக வளர்வது. வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடற்கூறு ஆய்வில், வாழ்நாளில் எந்தத் துன்பமும் தராத சிறு புற்றுக்கட்டிகள் காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஆகவே, கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டிக்கும் அறுவை தேவையா என்ற கேள்வி எழுந்தது.

அறுவையா, காத்திருப்பா

இக்கேள்விக்கு மூன்று பெரிய ஆய்வுகள் விடை தேடின.

முதலாவது, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் 1989 முதல் 1999 வரை 695 ஆண்கள் சேர்க்கப்பட்ட ஸ்காண்டிநேவிய ஆய்வு. இவர்களில் பெரும்பாலோரின் நோய் பிஎஸ்ஏ சோதனையால் அல்லாமல் அறிகுறிகளாலோ மருத்துவர் தொட்டுப் பார்த்ததாலோ அறியப்பட்டது. 29 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தோர் அறுவைக் குழுவில் 71 பேர், காத்திருந்த குழுவில் 110 பேர். அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 2.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். இங்கு அறுவையின் பயன் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது, அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய பிவட் ஆய்வு. இதில் 731 ஆண்கள் பங்கேற்றனர். பிஎஸ்ஏ சோதனை பரவிய காலத்து நோயாளிகள் இவர்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகு, எல்லாக் காரணங்களாலும் இறந்தோர் அறுவைக் குழுவில் 61.3 விழுக்காடு, கவனித்திருந்த குழுவில் 66.8 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் அளவுக்கே இருந்தது.

மூன்றாவது, பிரித்தானியாவின் புரொடெக்ட் ஆய்வு. பிரெடி ஹாம்டி, ஜென்னி டோனவன், டேவிட் நீல் ஆகியோர் இதற்குத் தலைமை தாங்கினர். 1999 முதல் 2009 வரை 82,429 ஆண்களுக்குப் பிஎஸ்ஏ சோதனை செய்யப்பட்டது. நோய் கண்டறியப்பட்டவர்களில் 1,643 பேர் அறுவை, கதிர்வீச்சு, முனைப்பான கண்காணிப்பு என மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 15 ஆண்டுகளுக்குப் பின் 2023இல் வெளியான முடிவின்படி, மூன்று குழுக்களையும் சேர்த்துப் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர் மட்டுமே. கண்காணிப்புக் குழுவில் 17 பேர், அறுவைக் குழுவில் 12 பேர், கதிர்வீச்சுக் குழுவில் 16 பேர். மூன்றுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

ஆனால் கண்காணிப்பிலும் இழப்பு உண்டு. அக்குழுவில் 9.4 விழுக்காட்டினருக்கு நோய் பரவியது. மற்ற இரு குழுக்களில் இது 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 15 ஆண்டுகளுக்குள் கண்காணிப்புக் குழுவில் சுமார் 61 விழுக்காட்டினர் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றிருந்தனர். மறுபுறம், ஆறாவது மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்காகப் பஞ்சுறை அணிய வேண்டியிருந்தவர்கள் அறுவைக் குழுவில் 46 விழுக்காடு, கண்காணிப்புக் குழுவில் 4 விழுக்காடு. ஆண்மைக் குறைவும் அறுவைக் குழுவில்தான் மிகுதியாக இருந்தது. எந்த இழப்பை ஏற்பது என்பதை நோயாளியே தெரிந்து தேர்ந்தெடுக்க இந்த எண்கள் வழி செய்தன.

சொற்களின் பங்கு

புரொடெக்ட் ஆய்வின் தொடக்கத்தில் குலுக்கல் முறைக்கு இணங்கியவர்கள் குறைவாக இருந்தனர். காரணத்தை அறிய டோனவன் குழுவினர் மருத்துவர்களும் நோயாளிகளும் பேசிக்கொண்டதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். ‘கவனித்துக் காத்திருத்தல்’ என்று மருத்துவர்கள் சொன்னதைப் பல நோயாளிகள் ‘ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது’ எனப் புரிந்துகொண்டிருந்தனர். அறுவையையும் கதிர்வீச்சையும் மருத்துவர்கள் முதலில், விரிவாக விளக்கியதும் தெரிய வந்தது.

அதன்பின் அந்தச் சொல் ‘முனைப்பான கண்காணிப்பு’ என மாற்றப்பட்டது. குறிப்பிட்ட இடைவெளியில் பிஎஸ்ஏ சோதனை, தேவைப்பட்டால் மறு திசு ஆய்வு, நோய் வளர்ந்தால் சிகிச்சை என அது விளக்கப்பட்டது. மூன்று வழிகளுக்கும் சமமான நேரம் ஒதுக்கப்பட்டது. இணங்கியோர் விகிதம் சுமார் 70 விழுக்காடாக உயர்ந்தது. இந்த அனுபவம் 2002இல் கட்டுரையாக வெளிவந்து, பிற துறை ஆய்வுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. டொராண்டோவில் லாரன்ஸ் கிளாட்ஸ் 1990களின் நடுவிலிருந்து இதையொத்த கண்காணிப்பு முறையை நடைமுறைப்படுத்தி வந்தார். இன்று தீவிரம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பல நாடுகளின் வழிகாட்டு நெறிகள் கண்காணிப்பையே முதலில் பரிந்துரைக்கின்றன.

சிறுநீரகத்தில் எவ்வளவு அகற்றுவது

ராப்சன் வகுத்த முழு அகற்றலின் ஒவ்வொரு பகுதியும் பின்னர் சோதனைக்கு உள்ளாயிற்று. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 772 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றியதால் வாழ்நாள் கூடவில்லை என்பது 2009இல் தெரிய வந்தது.

இதே அமைப்பு சிறிய கட்டிகள் உள்ள 541 பேரை இரு குழுக்களாக்கி, முழுச் சிறுநீரகத்தையும் அகற்றுவதைக் கட்டியை மட்டும் அகற்றுவதுடன் ஒப்பிட்டது. போதிய நோயாளிகள் சேராததால் ஆய்வு பாதியில் நின்றது. 2011இல் வெளியான முடிவு எதிர்பாராததாக இருந்தது. 10 ஆண்டுகளில் உயிருடன் இருந்தவர்கள் முழு அகற்றலில் 81.1 விழுக்காடு, பகுதி அகற்றலில் 75.7 விழுக்காடு. புற்றுநோயால் இறந்தவர்கள் இரு குழுவிலும் மிகக் குறைவே. பகுதி அகற்றலில் சிறுநீரகச் செயல்பாடு நன்றாகக் காக்கப்பட்டது. ஆயினும் அது வாழ்நாளைக் கூட்டவில்லை. இன்று சிறிய கட்டிகளுக்குப் பகுதி அகற்றலே விரும்பப்படுகிறது. எனினும் அதற்கு ஆதாரம் இந்த ஆய்வின் வாழ்நாள் கணக்கு அன்று. சிறுநீரகச் செயல்பாட்டைக் காக்க வேண்டும் என்ற நோக்கமும், குலுக்கல் முறையில் அமையாத பிற ஆய்வுகளுமே.

பரவிய நோயும் கார்மெனா ஆய்வும்

பரவிய சிறுநீரகப் புற்றுநோய் வழக்கமான வேதிச்சிகிச்சைக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்காவில் 1992இல் ஒப்புதல் பெற்ற இன்டர்லூக்கின்-2 மருந்து சுமார் ஏழில் ஒருவருக்கே பலன் தந்தது. அதன் நச்சுத்தன்மையும் கடுமையானது. இந்நிலையில், நோய் பரவிவிட்டாலும் சிறுநீரகத்தை முதலில் அகற்றிவிடுவது நல்லதா என ஆராய்ந்தனர். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இன்டர்பெரான் மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 8.1 மாதங்கள், அறுவைக்குப் பின் அதைப் பெற்றவர்களுக்கு 11.1 மாதங்கள். குழுவில் பாதிப்பேர் உயிருடன் இருந்த காலமே இடைநிலை வாழ்நாள். இதன் பின் அறுவை உறுதியான வழக்கமாயிற்று.

இதற்கிடையே அடிப்படை அறிவியல் வேறு வழியைத் திறந்தது. குடும்ப வழியில் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் விஎச்எல் மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. இம்மரபணு பழுதடைந்தால், ஆக்சிஜன் குறைந்துவிட்டதாக உயிரணு தவறாக உணர்ந்து புதிய இரத்தக்குழாய்களை வளர்க்கச் செய்கிறது. அந்த வளர்ச்சியைத் தடுக்கும் சோராஃபெனிப் 2005இலும், சூனிடினிப் 2006இலும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன.

மருந்து மாறிய பின்னும் பழைய வழக்கம் பொருந்துமா? பெரும்பாலும் பிரான்சு நாட்டில் நடந்த கார்மெனா ஆய்வு 450 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. 2018இல் வெளியான முடிவில், சூனிடினிப் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 18.4 மாதங்கள். அறுவைக்குப் பின் மருந்து பெற்ற குழுவுக்கு 13.9 மாதங்கள். அறுவை இல்லாதது தாழ்வானதன்று என நிறுவப்பட்டது. அறுவைக்குப் பின் மருந்தைத் தொடங்கவே இயலாமற்போனவர்களும் இருந்தனர். நோய் சிறிதளவே பரவியவர்களுக்கு அறுவை இன்றும் கருதப்படுகிறது. ஆனால் எல்லோருக்கும் முதலில் அறுவை என்ற விதி கைவிடப்பட்டது. 17 ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த முடிவு, துணை மருந்து மாறியதும் மறு ஆய்வுக்கு உரியதாயிற்று.

கூடுதல் சிகிச்சை பயன் தந்த இடங்கள்

எல்லா ஆய்வுகளும் சிகிச்சையைக் குறைக்கச் சொல்லவில்லை. பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பலனற்றுப்போன பின்னரே டோசிடாக்செல் வேதிச்சிகிச்சை தரப்பட்டு வந்தது. 790 பேர் பங்கேற்ற சார்ட்டட் ஆய்வு, தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துத் தந்தது. இடைநிலை வாழ்நாள் 44.0 மாதங்களிலிருந்து 57.6 மாதங்களாக உயர்ந்தது என 2015இல் அறிவிக்கப்பட்டது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 224 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு, புராஸ்டேட்டுடன் இடுப்புக்குழிக்கும் கதிர்வீச்சு தந்தபோது ஐந்து ஆண்டுகளில் பிஎஸ்ஏ மீண்டும் உயராமல் இருந்தவர்கள் 95.0 விழுக்காடு. புராஸ்டேட்டுக்கு மட்டும் தந்தபோது 81.2 விழுக்காடு. மொத்த வாழ்நாளில் வேறுபாடு அப்போது தெரியவில்லை.

சிறுநீரக அறுவைக்குப் பின் நோய் மீளாமலிருக்கச் சூனிடினிப் அல்லது சோராஃபெனிப் தருவது பயனற்றது என 1,943 பேர் பங்கேற்ற ஆய்வு 2016இல் காட்டியது. ஆனால் நோயெதிர்ப்பு மருந்தான பெம்புரோலிசுமாப் 994 பேரிடம் சோதிக்கப்பட்டபோது வாழ்நாளைக் கூட்டியது. 48 மாதங்களில் உயிருடன் இருந்தவர்கள் 91.2 விழுக்காடு, வெற்று மருந்துக் குழுவில் 86.0 விழுக்காடு. ஒரே நோய்க்கு, ஒரே தருணத்தில், ஒரு மருந்து வீணாகவும் மற்றொன்று பயனுள்ளதாகவும் அமைவதை முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல இயலாது.

மருந்தின் விலை

ஒரு மருந்து பயன் தரும் என ஆய்வு நிறுவிய பின்னும் அது நோயாளியைச் சென்றடைவது விலையைப் பொறுத்தது. சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் முற்றிய புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் இந்தியாவில் மாதத்திற்கு 2,80,428 ரூபாய்க்கு விற்கப்பட்டது. இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் 2012 மார்ச்சில் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை வழங்கி, நாட்கோ நிறுவனம் இம்மருந்தை மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க அனுமதித்தார். காப்புரிமை பெற்றிருந்த பேயர் நிறுவனத்தின் மேல்முறையீட்டை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் தள்ளுபடி செய்தது. உரிமத்தொகையை மட்டும் 6 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தியது. இம்மருந்தைச் சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சோதித்த முதன்மை ஆய்வில், நோய் வளராமலிருந்த இடைநிலைக் காலம் 2.8 மாதங்களிலிருந்து 5.5 மாதங்களாகக் கூடியிருந்தது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது, மருந்துக்காகக் கடன் வாங்கும் குடும்பத்திற்கும் தேவையான ஒன்று.

மதிப்பீடு

1869இல் ஒரு சிறுநீரகத்தை அகற்றலாம் என நிறுவப்பட்டது. அதன் பின் ஒன்றரை நூற்றாண்டாக, எப்போது அகற்ற வேண்டியதில்லை என்பதை அறியும் முயற்சியும் நடந்து வருகிறது. இந்த அறிவு பெருமளவில், தமக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலுக்கு விட்டுக்கொடுத்த ஆயிரக்கணக்கான நோயாளிகளால் கிடைத்தது. வெற்று மாத்திரை பெற்ற படைவீரர்களும், 15 ஆண்டுகள் ஆண்டுதோறும் கேள்வித்தாள்களை நிரப்பி அனுப்பிய பிரித்தானிய ஆண்களும் அவர்களுள் அடங்குவர். இன்று புராஸ்டேட்டில் சிறிய கட்டி இருப்பதாகக் கூறப்படும் ஒருவர், ‘உடனே அறுவை செய்ய வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் கேட்டு, எண்களுடன் கூடிய விடையைப் பெற முடிவது இவர்களால்தான்.